தன் கண்ணையே சோதனைக்குக் கொடுத்தவர்

படிவம் 4 இரசாயனப் புத்தகத்தைத் திறந்த எல்லாருக்கும் ஜான் டால்டனைத் தெரியும். அணு மாதிரிகள் வரிசையில் முதல் ஆள் அவர்தான். குட்டிப் பந்து மாதிரி ஓர் உருண்டை, அதற்குப் பக்கத்தில் அவர் பெயர். பரீட்சைக்கு அவ்வளவு போதும் என்று நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஆனால் கண் மருத்துவம் படிப்பவர்களுக்குத் தெரிந்த டால்டன் வேறு. பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் நிறக்குருடுக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: டால்டனிசம். ஒரு மனிதரின் குறை அவர் பெயரிலேயே ஊர் ஊராகப் போவது பெருமையா, அவமானமா? அவருடைய கதையைக் கேட்டபிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

1766இல் இங்கிலாந்தின் வடக்கே, கம்பர்லாந்து பகுதியில் ஈகிள்ஸ்ஃபீல்டு என்ற சின்னக் கிராமத்தில் டால்டன் பிறந்தார். அப்பா நெசவாளி. குடும்பம் குவேக்கர் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் வாங்க வேண்டுமென்றால் இங்கிலாந்து திருச்சபையை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்தக் கதவு அவனுக்கு மூடியே இருந்தது. அவன் அழுதுகொண்டு உட்காரவில்லை. 12 வயதில் ஊர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான். ஆமாம், வாத்தியாருக்கு வயது 12. 15 வயதில் கெண்டல் என்ற ஊருக்குப் போய், அண்ணன் ஜோனதனோடு சேர்ந்து குவேக்கர் பள்ளி ஒன்றில் வேலை செய்தார்.

கெண்டலில்தான் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். ஜான் காஃப் என்பது பெயர். குழந்தையாக இருக்கும்போதே பெரியம்மை வந்து இரண்டு கண்ணும் போனவர். பார்வை இல்லையே தவிர அறிவுக்குப் பஞ்சமே இல்லை. செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் இன்ன செடி என்று சொல்லிவிடுவாராம். கணிதம், லத்தீன், கிரேக்கம் எல்லாம் டால்டனுக்கு அவரிடம் கிடைத்தவை. தினமும் வானிலையைக் குறித்து வைக்கும் பழக்கமும் அவர் சொல்லி வந்ததுதான். 1787 மார்ச் 24ஆம் தேதி ஆரம்பித்த அந்தக் குறிப்பை டால்டன் 57 வருடம் விடாமல் எழுதினார். மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். உற்றுப் பார்த்து எழுதி வை என்று சொல்லிக் கொடுத்தவர் ஒரு பார்வையற்றவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிறம் சம்பந்தமாகத் தன்னிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்பதே டால்டனுக்கு 26 வயது வரை சரியாகத் தெரியாது. இதில் ஆச்சரியம் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே மாதிரி பார்ப்பவருக்கு மற்றவர் எப்படிப் பார்க்கிறார் என்று எப்படித் தெரியும்? 1792இல் ஒரு ஜெரேனியம் பூ அவரை மாட்டிவிட்டது. மற்றவர்கள் கண்ணுக்கு அது ரோஸ் நிறப் பூ. இவருக்குப் பகலில் வானநீலம். ஒருநாள் இரவு அதே பூவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். நீலம் சுத்தமாகக் காணோம்! சிவப்பு மாதிரித் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீல ஒளி குறைவு என்பதுதான் காரணம். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். பகலிலும் இரவிலும் பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் ஆமாம், எனக்கும் அப்படித்தான் என்றார். அது அண்ணன் ஜோனதன்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருப்போம். டால்டன் விஷயத்தை அப்படி விடவில்லை. 1793இல் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து கல்லூரி ஆசிரியரானார். மறு வருடம் அங்குள்ள இலக்கிய, தத்துவக் கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். சேர்ந்த கையோடு, 1794 அக்டோபர் 31ஆம் தேதி, அவர் அங்கே வாசித்த கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? தன் கண்ணைப் பற்றி. நிறக்குருடு பற்றிய முதல் முறையான ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுகிறது.

அதில் மழுப்பலே கிடையாது. வானவில்லில் மற்றவர்கள் ஆறேழு நிறம் பார்க்கும்போது தனக்குத் தெரிவது இரண்டு அல்லது மூன்றுதான் என்று எழுதினார். கடிதத்துக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும் லாரல் செடியின் பச்சை இலையும் தனக்கு ஒரே நிறம் என்றார். ரத்தம் கரும்பச்சைப் புட்டி மாதிரி இருக்கும் என்றார். தன் கண்ணையே ஒரு கருவியைப் போல வைத்து, எதற்கு என்ன அளவு காட்டுகிறது என்று பட்டியல் போட்டிருக்கிறார்.

இன்னொன்றும் செய்தார். தன் ஒருவர் அனுபவம் போதாது என்று தேடிப் போனார். மேரிபோர்ட் என்ற ஊரில் ஹாரிஸ் என்ற செருப்புத் தைப்பவரைப் பற்றி 1777இல் ஒரு குறிப்பு வெளிவந்திருந்தது. அந்த ஹாரிஸ் நாலு வயதில் தெருவில் கிடந்த ஒரு காலுறையை எடுத்துக்கொண்டு சொந்தக்காரரைத் தேடிப் போனாராம். எல்லாரும் அதைச் சிவப்புக் காலுறை என்றார்கள். காலுறை என்றால் புரிகிறது, சிவப்பு என்று ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குப் புரியவே இல்லை. மற்றப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே மரத்தில் செர்ரிப் பழத்தைப் பார்த்துவிடுவார்கள். இவருக்குப் பழமும் இலையும் ஒன்றாகக் கலந்து தெரியும். அவருடைய சகோதரர்களிலும் இதே நிலை இருந்தது. அந்தக் குடும்பத்தோடு டால்டன் தொடர்பு கொண்டு விசாரித்தார். தன் மாணவர்களிடமும் விளக்கிச் சொல்லிக் கேட்டார். 25 பேர் இருந்த ஒரு வகுப்பில் இரண்டு பேர், இன்னொரு வகுப்பில் ஒருவர் தன்னைப் போலவே இருப்பதைக் கண்டார். கேட்டவரையில் ஒரு பெண்கூட இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் மறக்காமல் குறித்து வைத்தார்.

இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் அசந்துபோவோம். ஐரோப்பிய ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர் சிவப்பு பச்சை வேறுபாட்டில் குறை உள்ளவர்கள். கணினியோ மரபணுச் சோதனையோ இல்லாமல், சும்மா வகுப்பறையில் கேட்டுக் கேட்டே டால்டன் அதன் பக்கத்தில் வந்துவிட்டார்.

காரணம் சொல்லும்போதுதான் சறுக்கினார். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பசை போன்ற திரவம் தனக்கு நீல நிறமாக இருக்க வேண்டும், அது சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது என்று நினைத்தார். நீலக் கண்ணாடி போட்டவன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமஸ் யங் என்ற அறிஞர் 1807இல் வேறு விளக்கம் கொடுத்தார். விழித்திரையில் சிவப்பை உணரும் பகுதியே டால்டனுக்கு வேலை செய்யவில்லை என்பது அவர் கருத்து. டால்டன் ஏற்கவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரின் கண்ணைத் திறந்து பார்க்க முடியாதே! அதனால் டால்டன் ஒரு முடிவுக்கு வந்தார். தான் இறந்தபிறகு கண்ணை எடுத்துச் சோதித்துப் பார்க்கும்படி ஏற்பாடு செய்துவிட்டார்.

இதற்கிடையில் அணுக் கொள்கை வந்தது, புகழ் வந்தது. 1832இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1834இல் மன்னர் நாலாம் வில்லியம் முன்னால் நிற்க வேண்டி வந்தபோது அந்தப் பட்டத்துக்குரிய அங்கியைப் போட்டுக்கொண்டார். அங்கியின் நிறம் பளிச்சென்ற சிவப்பு. எளிமையான உடை உடுத்தும் குவேக்கர்கள் அப்படிச் சிவப்பு உடுத்துவது வழக்கமில்லை. பார்த்தவர்களுக்குச் சங்கடம். டால்டனுக்கு ஒன்றும் இல்லை. அவர் கண்ணுக்கு அது மண் நிறம், அவ்வளவுதான்!

1844 ஜூலை 26ஆம் தேதி இரவு, நடுங்கும் கையால் அன்று கொஞ்சம் மழை என்று வானிலைக் குறிப்பை எழுதினார். மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது. மான்செஸ்டரில் அவர் உடலுக்கு சுமார் 40,000 பேர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

அவர் விரும்பியபடியே மருத்துவர் ஜோசப் ரேன்சம் கண்களை எடுத்துச் சோதித்தார். ஒரு கண்ணில் இருந்த திரவங்களைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிப் பார்த்தார். நீலம் துளிகூட இல்லை, தெளிவாக இருந்தது. லென்ஸில் மட்டும் அந்த வயதில் வரக்கூடிய லேசான மஞ்சள். இன்னொரு கண்ணின் பின்பக்கத்தை வெட்டிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அதன் வழியே சிவப்பையும் பச்சையையும் பார்த்தார். இரண்டும் சரியாகவே தெரிந்தன. ஐம்பது வருடம் நம்பிய விளக்கம் ஒரே நாளில் உடைந்தது. பழுது திரவத்தில் இல்லை, அதற்கும் பின்னால் இருக்கிறது என்பது உறுதியானது. டால்டன் கேட்ட கேள்விக்கு டால்டனின் கண்ணே பதில் சொல்லிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. மிச்சம் இருந்த கண்களை ஒரு ஜாடியில் போட்டு அந்தக் கழகம் பாதுகாத்து வந்தது. 1940இல் குண்டுவீச்சில் கழகத்தின் கட்டடம் அழிந்தது, டால்டனின் கையெழுத்துப் பிரதிகள் பலவும் எரிந்தன. கண்கள் தப்பின. 1995இல் லண்டன், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அந்தக் கண்ணிலிருந்து துளி திசுவை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. நீண்ட அலை, நடு அலை, குறுகிய அலை என்று ஒவ்வொன்றும் ஒன்றை அதிகமாக உணரும். டால்டனுக்கு நடு அலை வகைக்கான, அதாவது பச்சைப் பகுதிக்கான, நிறமி இல்லை என்று தெரிந்தது. சிவப்புதான் பழுது என்று சொன்ன யங்கும் பாதிதான் சரி! இறந்து 150 வருடம் கழித்து ஒரு நோயாளிக்கு ரிப்போர்ட் வந்த மாதிரி.

பெண்கள் ஏன் கணக்கில் வரவில்லை என்பதற்கும் இப்போது பதில் இருக்கிறது. இந்த நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அம்மாவின் அப்பாவுக்கு இருந்தது, அம்மாவுக்குத் தெரியாது, பேரனிடம் வந்து நிற்கும்.

இது உயிருக்கே ஆபத்தாகும் என்று உலகம் உணர்ந்தது 1875இல். ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். சிக்னல் நிறம் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற ஸ்வீடன் மருத்துவப் பேராசிரியர் வாதாடினார். வண்ண நூல்கண்டுகளை வைத்து 266 ரயில் ஊழியர்களைச் சோதித்ததில் 13 பேருக்குக் குறை இருந்தது. அதன்பிறகுதான் ரயில் வேலைக்கு நிறச் சோதனை கட்டாயமாகத் தொடங்கியது. 1917இல் ஜப்பானின் ஷினோபு இஷிஹாரா புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை வெளியிட்டார். கண் பரிசோதனையில் நமக்குக் காட்டுகிறார்களே, அதுதான்.

நாங்கள் பொறியியல் மாணவர்கள் லேப்பில் ரெசிஸ்டரைக் கையில் எடுத்தால் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று கோடுகளைப் படித்துத்தான் மதிப்பைச் சொல்ல வேண்டும். நிறம் கலங்கித் தெரிகிற நண்பனுக்கு அது தினசரிச் சோதனை. மல்டிமீட்டரை வைத்து அளந்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலை, ஆனால் விஷயம் அவனுக்கே தெரிந்திருக்க வேண்டுமே? எர்த் ஒயரில் பச்சையோடு மஞ்சள் கோடும் ஓடுகிறதே, நிறம் புரியாவிட்டாலும் அந்தக் கோட்டை வைத்து அடையாளம் காணலாம். கொஞ்சம் யோசித்து வடிவமைத்தால் யாரையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை.

தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். மரத்துக்குப் பழுப்பு இலை, புல்லுக்கு ஆரஞ்சு என்று பிள்ளை தீட்டினால் உடனே கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பள்ளியில் சேரும் வயதிலேயே ஒருமுறை கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். பிறவியில் வருவதை மாற்ற இன்று மருந்து இல்லை, ஆனால் அது கூடவும் கூடாது. தெரிந்துவிட்டால் ஆசிரியரிடம் சொல்லலாம், வேலையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: நேற்று வரை நன்றாகத் தெரிந்த நிறம் திடீரென்று மங்கினால் அது வேறு கதை. விழித்திரையிலோ கண் நரம்பிலோ கோளாறு இருக்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்பியூட்டால் மருந்துகூடச் சிலருக்கு அப்படிச் செய்யும். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டால்டன் தன் குறையை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அணுக் கொள்கையோடு பெயர் நிலைத்திருக்கும். அவரோ தனக்குத் தெரியாததை ஊர் நடுவில் நின்று சொன்னார், தான் சொன்ன காரணம் சரியா என்று பார்க்கத் தன் கண்ணையே எழுதி வைத்தார். காரணம் தப்பு என்று வந்தது. ஆனால் அந்தக் கேள்வியால் எத்தனையோ பிள்ளைகளுக்கு, உனக்கு மூளை இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக, உன் கண்ணில் ஒரு நிறமி குறைவு என்று சொல்ல இன்று முடிகிறது.