பேச்சிழந்த பின் மூன்றாண்டுகள்

மக்கள் திலகம் எம்.ஜி.ஆரைப் பற்றிய கட்டுரை இல்லாத கல்லூரி மலர் அரிது. அவருடைய வள்ளன்மையையும் திரையில் அவர் சுழற்றிய வாளையும் பலரும் எழுதிவிட்டனர். நான் எழுத விரும்புவது, அவர் பக்கவாதத்தின் விளைவுகளோடு வாழ்ந்த இறுதி மூன்றாண்டுகளைப் பற்றி. விலங்கியல் மாணவன் என்பது ஒரு காரணம். கொருக்குப்பேட்டையில் அதே நோயால் பேச்சுக் குன்றிய ஒருவரின் மகன் என்பது பெரிய காரணம்.

1917 சனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை அவரைப் பள்ளியிலிருந்து நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது. 1936இல் ‘சதிலீலாவதி’யில் சிறு வேடம். அதன்பின் வந்த புகழ் நாடறிந்தது.

அவர் குரலுக்கு முதல் அடி 1967 சனவரி 12 அன்று விழுந்தது. நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பியது, குரல் மாறிவிட்டது. அந்தக் குரலோடேயே மேலும் பத்தாண்டுகள் நடித்தார், மேடையேறினார், 1977இல் முதலமைச்சரானார். பாடல்களில் நாம் கேட்பது பெரும்பாலும் டி.எம்.சௌந்தரராஜனின் குரல் என்பதால், இந்த மாற்றத்தை இன்றைய மாணவர் பலர் கவனிப்பதே இல்லை.

இரண்டாம் அடி 1984 அக்டோபரில் வந்தது. சிறுநீரகம் செயலிழந்து சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்ந்தவரைப் பக்கவாதமும் தாக்கியது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதியின் உயிரணுக்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. பெரும்பாலோர்க்குப் பேச்சை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. 1861இல் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். ஒரேயோர் அசையைத் தவிர அவரால் எதுவும் சொல்ல இயலவில்லை. ஆனால் பிறர் சொன்னது அவருக்குப் புரிந்தது. பேச்சு வேறு, அறிவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

நவம்பரில் தனி விமானத்தில் அவரை நியூயார்க் கொண்டுசென்றனர். புரூக்ளின் மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினர். அவர் அங்கே படுக்கையில் இருக்க, இங்கே தேர்தல் நடந்தது. மருத்துவமனையில் எடுத்த படக்காட்சிகளை ஊர் ஊராகத் திரையிட்டனர். ஆண்டிப்பட்டிக்கு வராமலே ஆண்டிப்பட்டியில் வென்றார். அவர் கட்சி 132 இடங்களைப் பிடித்தது. 1985 பிப்ரவரி 4 அன்று தாயகம் திரும்பி, 10ஆம் நாள் மூன்றாம் முறையாகப் பதவியேற்றார்.

நாடு இதைக் கண்டு மகிழ்ந்தது. ஆனால் அவர் முழுதும் குணமாகிவிடவில்லை. சொற்கள் குழறின. அவர் கருதியதை அருகிலிருப்பவர் பிறர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை. ஆளும் திறன் அவருக்கு உண்டா என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். மாநிலத்தை ஆள்பவரிடம் அக்கேள்வியைக் கேட்பது நியாயமே என்பது என் கருத்து. ஆனால் நாக்குக் குழறுவதை வைத்து அதற்கு விடை சொன்னதுதான் பொருந்தாது. 1986இல் சட்ட மேலவை நீக்கப்பட்டதும், 1987இல் மருத்துவப் பல்கலைக்கழகத்திற்குச் சட்டம் வந்ததும் இந்த ஆட்சியில்தான். அவற்றின் நன்மை தீமை வேறு விவாதம்.

என் தந்தை துறைமுகச் சரக்கு லாரி ஓட்டியவர். 1982 செப்டம்பரில் சத்துணவு நகரங்களுக்கு வந்தபோது மாநகராட்சிப் பள்ளியில் தட்டேந்தி அமர்ந்த எட்டு வயதுச் சிறுவர். இன்று அவருக்குத் தண்ணீர் என்ற சொல் வருவதில்லை. ஆயினும் சரக்கு ரயில் போகையில் வேகன்களை ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணுகிறார். எம்.ஜி.ஆர். படப் பாடல்களை அடி பிறழாமல் பாடுகிறார். தெருவில் சிலர் இதைக் கண்டு, வேண்டுமென்றே பேச மறுக்கிறார் என்கின்றனர். வேறு சிலர் புத்தி பேதலித்துவிட்டது என்கின்றனர். இரண்டும் தவறு. பழகிய வரிசையும் இசையும் மூளையில் வேறு வழியே வரக்கூடியவை. 1973 முதல் இசையைக் கொண்டு பேச்சை மீட்கும் பயிற்சியே இருக்கிறது.

எங்களுக்குப் பெருந்தொல்லை அவர் மௌனம் அன்று. அவருக்காக நாங்கள் பேசுவதுதான். ரேஷன் கடையிலும் வங்கியிலும் அம்மாவோ நானோ சொல்வதுதான் அவர் சொல். அது அவர் எண்ணமா, எங்கள் வசதியா? முதலமைச்சருக்கு அருகில் நின்றவர்களை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எதையும் ஆம், இல்லை என்று தலையசைக்கும் கேள்வியாகக் கேட்போம். அதையே மாற்றி இன்னொரு முறை கேட்போம். இரண்டும் ஒத்து வந்தால்தான் கையெழுத்து. அவர் இடக்கையால் போடக் கால் மணி நேரம் ஆகும். வரிசையில் நிற்போர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எம்.ஜி.ஆருக்கு விமானமும் அயல்நாட்டு மருத்துவரும் கிடைத்தனர். எங்கள் தெருவுக்கு அவை இல்லை. ஆனால் குழறும் பேச்சோடு ஊர் முன் வந்து நின்றதில் விமானத்திற்குப் பங்கில்லை. குரலால் புகழ்பெற்ற ஒருவர் அதை மறைத்து வீட்டிலேயே இருந்திருக்கலாம். 1987 டிசம்பரில்கூடக் கிண்டி கத்திப்பாராவில், பிரதமர் ராஜீவ் காந்தி நேரு சிலையைத் திறந்த விழாவுக்கு வந்திருந்தார். சில நாள்களில், அம்மாதம் 24ஆம் நாள் அதிகாலை, இராமாவரம் தோட்டத்தில் அவர் உயிர் பிரிந்தது.