கோபுலு போட்ட கோடு

ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானி, கல்வியாளர், தொழிலதிபர் என்று யாராவது ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். ஒரு மாறுதலுக்கு, இந்தத் தடவை படம் போட்டவர் ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. மூத்த மாணவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 'கோபுலு' என்ற மூன்று எழுத்துக் கையெழுத்தைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடும். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்கள்.

1924-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தார். அந்தக் காலத்தில் ஆனந்த விகடனில் மாலி என்ற பெயரைக் கேட்டாலே படம் போடும் பையன்களுக்குக் கை நடுங்கும். அந்த மாலியைத் தேடி கோபாலன் போனார். மாலி பையனின் கையைப் பார்த்துவிட்டு ஒரு வேலை கொடுத்தார். திருவையாறு போய், தியாகராஜ சுவாமிகள் பூஜை செய்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து கொண்டு வர வேண்டும். 1941 தீபாவளி மலருக்கு. கோபாலனுக்கு அப்போது 17 வயது! கோபாலனைக் 'கோபுலு' ஆக்கியதும் மாலிதான். 1945-இல் விகடனில் முழுநேர ஓவியராகச் சேர்ந்தவர் 1963 வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

இங்கே கொஞ்சம் என் துறை பேச அனுமதியுங்கள். அந்தக் காலத்து அச்சு இன்றைய ஆப்செட் இல்லை. ஓவியர் போட்ட படத்தைப் போட்டோ பிடித்து, துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரித்து 'லைன் பிளாக்' எடுப்பார்கள். கோடு மட்டும் மேடாக நிற்கும், மற்ற இடம் பள்ளமாகிவிடும். கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவே சாம்பல் நிறம் கிடையாது. கோடு ரொம்ப மெல்லிசாகப் போனால் அச்சில் அறுந்துவிடும். நெருக்கமாகப் போட்டால் மை ஊறி அப்பிக்கொள்ளும். வாரா வாரம் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் மனுஷன் படம் போட்டாக வேண்டும், அதுவும் கெடு தப்பாமல். கோபுலுவின் படங்களை உற்றுப் பாருங்கள். ஒரு பட்டுப் புடவையின் கனம், ஒரு மாமாவின் தொப்பை, வெயிலில் நிற்கும் மாட்டின் சலிப்பு எல்லாமே கோட்டின் தடிமன் ஏறி இறங்குவதிலேயே வந்துவிடும். நிழல் போட்டு ஒப்பேற்றுகிற பேச்சே கிடையாது. டிராயிங் ஷீட்டில் நாம் பட்ட பாட்டை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

தமிழில் படக்கதை ரசிகர்கள் பலரும் அவரைக் கொண்டாடுவது துப்பறியும் சாம்புவுக்காக. தேவன் எழுதிய சாம்பு கதைகளுக்கு முதலில் படம் போட்டவர் ராஜு. 1957-இல் தேவன் காலமான பிறகு, அதே சாம்புவைக் கோபுலு சித்திரத் தொடராகக் கட்டம் கட்டமாக வரைந்தார். சாம்பு ஓர் அசடு. அதிர்ஷ்டம் அவனைப் பெரிய துப்பறிவாளன் ஆக்கிவிடுகிறது. எழுத்தில் இதைச் சொல்வது ஒரு விதம். படத்தில் அந்த முகம் ஒரே நேரத்தில் அசடாகவும் இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் இன்ஸ்பெக்டருக்கு மேதையாகவும் படவேண்டும். இது லேசுப்பட்ட காரியமா? (அந்த இன்ஸ்பெக்டரின் பெயரும் கோபாலன்தான் என்பது ஒரு வேடிக்கை.) வார்த்தையே இல்லாத நகைச்சுவைப் படங்களும் நிறையப் போட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் பார்த்துச் சிரிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய சிகரம் 'தில்லானா மோகனாம்பாள்'தான். கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் எழுதிய தொடர். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கிற விதம், தவில்காரர் தோளில் வார் விழுகிற இடம், சதிருக்குக் கிளம்பும் பெண்ணின் நடை இதையெல்லாம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர்தான் அப்படிப் போட முடியும். 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்தபோது, சண்முகசுந்தரமும் மோகனாவும் எப்படி இருப்பார்கள் என்பது ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிவாஜியும் பத்மினியும் நாகேஷும் கோபுலு காட்டிய முகங்களோடு போட்டி போட்டுத்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' தொடரும் அப்படியே. அமெரிக்காவில் நம்மூர்க் கல்யாணம், மொட்டை மாடியில் அப்பளம், பாட்டிமார் கூட்டம் என்று சாவி அளந்து விட்டதையெல்லாம் நம்ப வைத்ததில் கோபுலுவின் பேனாவுக்குப் பாதிப் பங்கு உண்டு. நான் முக்கால் பங்கு என்பேன், சாவி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972-இல் 'அட்வேவ்' என்று சொந்தமாக விளம்பர நிறுவனம் தொடங்கினார். பத்திரிகைகளுக்குப் படம் போடுவதையும் விடவில்லை. 1991-இல் கலைமாமணி விருது கிடைத்தது. நியாயமாக அதற்கும் மேலே கிடைத்திருக்க வேண்டும்.

பிறகுதான் அந்தச் சோதனை. பக்கவாதம் வந்து வலது கை முடங்கிப்போனது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சோறு போட்ட கை. வயதும் ஆகிவிட்டது, போதும் என்று உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இடது கையால் வரையப் பழகினார். கோட்டின் ஏற்ற இறக்கத்திலேயே பேர் வாங்கியவர், எழுபது வயதுக்கு மேல், பழக்கமில்லாத கையால் மறுபடி ஆரம்பத்திலிருந்து கோடு போடப் பழகுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். போட்டார், பத்திரிகையிலும் வந்தது.

2015 ஏப்ரல் 29-ஆம் தேதி சென்னையில் காலமானார். 91 வயது நிறைய இரண்டு மாதம்கூட இல்லை.

ஒரு ஆதங்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தொடர்கதைகள் இன்றைக்கும் புத்தகமாக விற்கின்றன. ஆனால் பல பதிப்புகளில் படங்களைத் தூக்கிவிட்டார்கள். பக்கம் குறையும், விலை குறையும், கணக்கு புரிகிறது. அந்தப் பதிப்பைப் படிக்கிறவருக்கு இப்படி ஒரு ஓவியர் இருந்ததே தெரியாது. வாராவாரம் தொடரைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்த மாமிகள்தான் கோபுலுவைக் காப்பாற்றியவர்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இல்லாதவர்கள் தரமணிக்குப் போகலாம், தாம்பரத்திலிருந்து ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. அங்கே ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாத்து வருகிறார்கள். போகும்போது சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள், சீக்கிரம் எழுந்து வர மனசு வராது.