கலைமணி கொத்தமங்கலம் சுப்பு

கல்வி இருவகைத்து. ஏட்டைக் கண்ணாற் கற்பது ஒன்று. பெரியோர் வாய்மொழியைச் செவியாற் கற்பது மற்றொன்று. வள்ளுவனார் கல்விக்கு ஓரதிகாரம் வகுத்தபின் கேள்விக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. எனினும் இக்காலத்தார் பலர் பின்னதைப் பாட்டிமார் பொழுதுபோக்கென எள்ளுவர். அக்கேள்விச் செல்வத்தையே பெருமுதலாகக் கொண்டு புகழீட்டிய ஒருவர் நம் மாவட்டத்து மண்ணிலேயே தோன்றினார். அவர் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் நலம்.

மாணிக்கவாசகரால் மாண்புற்ற திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலை அடுத்துள்ளது கன்னாரியேந்தல் என்னும் சிற்றூர். அவ்வூரில் 1910ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் சுப்பிரமணியன் என்னும் இயற்பெயரினராய் இவர் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இளமையிலேயே அன்னையை இழந்தார். கல்லூரி வாயிலை மிதித்தாரல்லர். பின்னர் வாழ்ந்த கொத்தமங்கலத்தின் பெயரே இவர் பெயரோடு நிலைத்துவிட்டது. உழவர் பாட்டும், மகளிர் கும்மியும், இரவெல்லாம் நிகழும் கூத்துமே அக்காலச் சிற்றூர்களின் கல்விக்கழகங்கள். அவற்றின் ஓசையை இவர்தம் பாடல்களில் இன்றும் கேட்கலாம்.

கலையை நம்பி வாழ்வோர்க்கு முதலில் வேண்டுவது நிலையானதோர் ஊதியம். அதனைச் சுப்பு சென்னையில் எஸ். எஸ். வாசனார் நடத்திய ஜெமினி படநிலையத்திற் பெற்றார். கதை புனைதல், பாட்டெழுதுதல், நடித்தல், இயக்குதல் எனப் பணி எதுவாயினும் சலியாது மேற்கொண்டார். 1947இல் வெளிவந்த மிஸ் மாலினியை இயக்கியதோடு அதில் சம்பத்து என்னும் பாத்திரத்தையும் ஏற்றார். 1948இல் வந்த சந்திரலேகாவிற்குப் பாபநாசம் சிவனாருடன் பாடல்கள் இயற்றினார். ஊர்தோறும் வாய்வழி வழங்கிய ஔவையின் கதைகள், 1953இல் இவர் இயக்கத்தில் கே. பி. சுந்தராம்பாளின் குரலோடு திரையேறின.

ஆயினும் இவர் உள்ளம் கேட்போரை நேரிற் கண்டு கதை சொல்லுதலையே விழைந்தது. தென்பாண்டி நாட்டிலும் குமரி நாட்டிலும் சிறுதெய்வக் கொடைவிழாக்களில் நிகழ்வது வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய வில்லைக் குடத்தின்மேற் பொருத்தி, வீசுகோலால் தட்டித் தலைவர் கதை சொல்ல, உடனிருப்போர் ஆமாமிட்டுத் தொடர்வர். சுடலைமாடன் முதலியோர் கதைகள் பாடப்பெற்ற அவ்வடிவில் சுப்பு காந்தியடிகளின் வாழ்வைப் பாடினார். காந்தி மகான் கதை என்னும் அப்படைப்பின் நடை எழுத்தறியாதாரும் கேட்டவளவிற் பொருள் கொள்ளுமாறு அமைந்தது. உயர்நடையில் இயற்ற வல்லவராயிருந்தும் எளிய நடையை வேண்டுமென்றே தேர்ந்தார் என்பதே ஈண்டு கருதத்தக்கது.

கலைமணி என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடர்ந்து எழுதிய தில்லானா மோகனாம்பாள், அவர்தம் கற்பனைக்கு உரைகல். சிக்கல் என்பது முருகன் கோயிலாற் புகழ்பெற்ற உண்மை ஊர். சண்முகசுந்தரம் என்னும் நாகசுர வித்துவானோ கற்பனை மாந்தர். மெய்யான நிலத்திற் பொய்யான மாந்தரை நிறுத்தி, அவர்க்கு ஊரும் உறவும் தொழிலும் பேச்சும் வகுத்துக் கொடுத்தமையால் அப்பொய் மெய்யினும் உறுதியாயிற்று. ஆடல் மகளிர் வாழ்வும், மேளக்காரர் மானமும், சவடால் வைத்தி போன்றார் சூழ்ச்சியும் அதனுள் ஓருலகமாய் விரிந்தன. 1968இல் அது திரைப்படமாயிற்று. 1971இல் அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. ஆனால் திரைப்புகழ் அவர்தம் கதைப்பாடல்களை மறைத்துவிட்டது. அவற்றைப் படிப்போர் இன்று மிகச் சிலரே. 1974 ஜனவரியிற் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அடுத்த திங்கள் 15ஆம் நாள் சுப்பு மறைந்தார்.

இதனை எழுதும் யான் புலவர் பட்டம் பெற்றவன். வழக்குச் சொற்களைக் கொச்சையென்று சிவப்பு மையாற் கீறியே ஆண்டுகள் பல கழித்தவன். ஒருகால் என் மாணவன் ஒருவன் தன் பாட்டி சொன்ன கதையில் ஒரு பகுதியை, அவர் சொன்னவாறே எழுதிக் கொணர்ந்தான். யான் பிழைகளை எண்ணிக் குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். பின்னர் அவன் எழுதினானல்லன். சில திங்களில் அம்மூதாட்டியும் இறந்தார். அக்கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்வார் இன்று இலர். சுப்புவின் நூல்களைப் பயிலுந்தோறும் அச்சிவப்பு மை என் நெஞ்சை உறுத்துகின்றது.

அன்பர்காள்! நும் இல்லத்து முதியோர் கதை சொல்லுங்கால் பிள்ளைகளை அருகிருத்துங்கள். அவர் சொல்லும் சொல்லைத் திருத்தாது, அவ்வாறே எழுதிவைக்கச் செய்யுங்கள். இலக்கணப் பிழையைப் பின்னரும் திருத்தலாம். போன கதையை மீட்டல் அரிது.