சைக்கிளில் வந்த சீமாட்டி: ஃபனி புல்லொக் வேர்க்மன் அம்மையார்

நம் பாடசாலையில் எம்மோடு படித்தவர்களில் பலர் சைக்கிள் பழகியது வாப்பாவின் பெரிய சைக்கிளில்தான். சீட்டில் ஏறினால் கால் எட்டாது; பாருக்குக் கீழே காலை நுழைத்து அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்துக் கடற்கரை ஒழுங்கைகளில் ஓடுவோம். பெரியபிள்ளையானதும் அந்த ஓட்டம் நின்றுவிடும். ஏன் என்று நாமும் கேட்கவில்லை, எவரும் சொல்லவுமில்லை. இம்மலருக்கு ஒரு சரிதை எழுதித் தருமாறு சங்கத்தினர் கேட்டபோது அந்தச் சைக்கிள்தான் முதலில் நினைவில் வந்தது. கூடவே, 125 வருடங்களுக்கு முன் இலங்கையிலும் இந்தியாவிலும் சைக்கிளில் சுற்றிய ஓர் அமெரிக்கப் பெண்மணியும் நினைவில் வந்தார்.

ஃபனி புல்லொக் 1859 ஜனவரி 8ஆந் திகதி அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் வெடிமருந்து உற்பத்தியில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்த கல்விதான் இவருக்கும் கிடைத்தது: வீட்டுக்கு வரும் ஆசிரியைகள், பிறகு நியூயோர்க்கில் நடையுடை பாவனை கற்பிக்கும் ஒரு பாடசாலை, பின்னர் பாரிஸிலும் ட்ரெஸ்டனிலும் சில காலம். பல்கலைக்கழக வாசலை அவர் மிதிக்கவில்லை.

இருபதுகளின் தொடக்கத்தில் வில்லியம் ஹண்டர் வேர்க்மன் என்ற வைத்தியரை மணந்தார். கணவர் 12 வயது மூத்தவர். மனைவியை மலையேறப் பழக்கியவரும் அவரே. 1880களின் இறுதியில் உடல்நலக் குறைவால் அவர் வைத்தியத் தொழிலை விட்டார். குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. ஓய்வெடுக்கப் போன அந்த மனிதர் தமது ஐம்பதாவது வயதில் இந்திய வெயிலில் சைக்கிள் மிதித்தார், தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். இதை நோயாளிகளிடம் சொல்லத் துணிவு வரவில்லை, வாசகியரிடம் சொல்லிவைக்கிறோம்.

இரு பிள்ளைகள். மகள் ரேச்சல் 1884இல் பிறந்தாள். மகன் சிக்ஃபிரீட் 1889இல் பிறந்து, 1893இல் இன்புளுவென்சாவும் நிமோனியாவும் கண்டு இறந்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதுவும் இல்லாத காலம். வைத்தியரான தகப்பனால்கூடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிரச் செய்யக்கூடியது சொற்பமே. நீண்ட சைக்கிள் பயணங்கள் அதற்குப் பிறகே வந்தன. துக்கத்தை மிதித்துக் கரைத்தார் என்று எழுதிவிடுவது எளிது. மனிதர்கள் அவ்வளவு எளிதாக வாசிக்கப்படக் கூடியவர்கள் அல்லர்.

சைக்கிளும் அப்போதுதான் சைக்கிளாகியிருந்தது. இரண்டு சில்லும் சம அளவில் அமைந்த, சங்கிலியால் ஓடும் ரோவர் வண்டி 1885இல் வந்தது. டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த டயரை 1888இல் செய்தார். பாவாடை அணிந்த பெண்ணும் ஓட்டத்தக்க வண்டி கிடைத்தவுடன், எம் தொழிலைச் சேர்ந்தவர்கள் எச்சரிக்கை எழுதக் கிளம்பினர். சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு முகம் இறுகிக் கண் பிதுங்கும் ‘சைக்கிள் முகம்’ என்னும் வியாதி வரும் என்றார்கள். கர்ப்பப்பைக்குக் கேடு என்றார்கள். ஆதாரம் ஒன்றுமில்லை. வைத்தியர் சொன்னார் என்பதே போதுமாயிருந்தது. இப்படிப்பட்ட வைத்தியம் நம் ஊர்களிலும் வேறு பெயர்களில் நடந்ததைப் பார்த்திருக்கிறோம்.

தம்பதியர் முதலில் அல்ஜீரியாவிலும் பிறகு ஸ்பெயினிலும் ஓட்டினார்கள். ஸ்பெயினில் மட்டும் ஏறத்தாழ 2,800 மைல். நாளொன்றுக்குச் சராசரி 45 மைல். கிட்டத்தட்ட நாம் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பும் தூரம் அது. விரட்டிவரும் நாய்களுக்காகச் சவுக்கும், மனிதர்களுக்காகக் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்கள்.

1897இன் இறுதியில் கீழைத்தேசப் பயணம் தொடங்கியது. முதலில் இலங்கை. பிறகு இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை. இடையிடையே பர்மா, ஜாவா, இந்தோசீனா. எல்லாமாகச் சேர்த்து 14,000 மைல்; சுமார் இரண்டரை வருடங்கள். புறப்படும்போது அம்மையாருக்கு வயது 38. தேயிலை, சீனி, பிஸ்கட், டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், போர்வை, மருந்து, வண்டி திருத்தும் சாமான்கள் எல்லாம் சைக்கிளிலேயே வந்தன. ரயில் பாதை ஓரமாகச் செல்லும் தெருக்களில் இராத் தங்கல் பெரும்பாலும் புகையிரத நிலையத் தங்கு மண்டபத்தில். முள் நிறைந்த பாதைகளில் ஒரே நாளில் 40 தடவை வரை டியூபில் காற்றுப் போனதுண்டு. ஒவ்வொரு முறையும் இறங்கி, டயரைக் கழற்றி, ஓட்டையைத் தேடி, பெச் ஒட்டி, காற்றடித்து மீண்டும் ஏற வேண்டும். ஒரு நாள் இதைச் செய்து பார்த்தவர்களுக்கே 40 என்ற எண்ணின் கனம் தெரியும். இத்தனையும் நீளப் பாவாடையும் வெயில் தொப்பியும் அணிந்தபடி. இந்தியச் சமவெளியின் கோயில்களையும் பழைய கட்டிடங்களையும் பார்ப்பதே அவர்களது முக்கிய நோக்கம். படங்களோடு அந்தப் பயண நூல் 1904இல் வெளியானது. அதில் இரண்டு பெயர்களும் உள்ளன.

வேலைப் பிரிப்பு எமக்குப் பிடித்தது. ஒரு வருடம் ஒருவர் ஆள், சாமான், வழி ஏற்பாடுகளைப் பார்ப்பார். மற்றவர் அளவீடும் குறிப்பும் எடுப்பார். அடுத்த பயணத்தில் மாற்றிக்கொள்வார்கள். இன்றைய வைத்தியத் தம்பதியர் எத்தனை பேர் வீட்டில் இப்படி நடக்கிறது என்று விசாரிக்கலாம்.

1898 கோடையில் வெயிலுக்கு ஒதுங்கி இமயப் பக்கம் போனவர்கள் அதன் பின் மலையை விடவில்லை. 1899இல் கரகோரத்தில் ஏறிய ஒரு சிகரத்துக்கு இறந்துபோன மகன் சிக்ஃபிரீடின் பெயரை வைத்தார்கள். 1906இல், 47ஆவது வயதில், நுன் குன் மலைத்தொடரில் 22,735 அடி உயரமான பினக்கிள் சிகரத்தில் அம்மையார் ஏறினார். பெண்கள் ஏறிய உயரங்களில் அது 1934 வரை முறியடிக்கப்படவில்லை. அனி பெக் என்ற மற்றோர் அமெரிக்கப் பெண் பெருவில் அதைவிட உயரம் ஏறியதாகக் கூறியபோது, இவர் சொந்தச் செலவில், 13,000 டொலர் கொடுத்து, அளவையாளர்களை அனுப்பி அந்த மலையை அளக்கச் செய்தார். மலை உயரம் குறைந்தது! வெற்றிதான், ஆனால் சொந்தமாகத் திரட்டிய சொற்பக் காசில் மலையேறிய ஒரு பெண்ணைச் செல்வச் செருக்கோடு வீழ்த்திய வெற்றி.

1912இல் சியாச்சென் பனியாற்றை ஆய்ந்து வரைபடம் எடுக்கும் குழுவை நடத்திச் சென்றார். 1984 முதல் இந்தியாவும் பாகிஸ்தானும் படை நிறுத்தியிருக்கும் அதே சியாச்சென். பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையைப் பனிமேட்டில் விரித்துப் பிடித்தபடி நிற்கும் அவரது படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. அந்தப் பயணத்தில் இத்தாலியச் சுமையாளர் ஒருவர் பனிப்பிளவில் விழுந்து இறந்தார்.

சுமையாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூட்டை சுமந்த காஷ்மீர், பல்திஸ்தான் மனிதர்களை இவர்களது நூல்கள் சோம்பேறிகள், பொய்யர்கள் என்றே காட்டுகின்றன. போதிய உடுப்பின்றிப் பனியில் நடப்பவன் திரும்பிப் போக நினைப்பது ஏன் என்று அவர்கள் யோசிக்கவில்லை. தம் இனப் பெண்ணுக்கு உரிமை கேட்ட கையே இவர்களை அடிமட்டமாக எழுதியது. அவரை வியந்து எழுதுபவர்கள் இதை விட்டுவிடுவதுண்டு. அந்தச் சுமையாளர்களின் தோலின் நிறம் நம்முடையது; நாம் விட முடியாது.

மகள் ரேச்சல்? தாய் தந்தையர் வண்டியோட்டிய வருடங்களில் அவள் தாதியரிடமும், பின்னர் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் மகளிர் கல்லூரி விடுதியிலும் வளர்ந்தாள். இரவுக் கடமை முடித்து வீடு திரும்பி, தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்து நிற்கும் எம்மைப் போன்றோருக்கு இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதி குறைவு. தந்தையும் சேர்ந்துதான் போனார். கேள்வி மட்டும் எப்போதும் தாயிடம்தான் கேட்கப்படுகிறது. ரேச்சல் நிலவியல் கற்று, இலண்டன் நிலவியல் சங்கம் 1919இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண்களில் ஒருவரானார். பின்னாளில் மூன்று ஆண்மக்களையும் விமானங்களில் பறிகொடுத்தார். 1941இல், கடைசி இருவரும் போன பின், 25,000 பவுண் கொடுத்து ஒரு குண்டுவீச்சு விமானத்தைப் பிரித்தானிய விமானப்படைக்கு வாங்கிக் கொடுத்த தாய் அவரே.

அம்மையார் 1917 முதல் நோயுற்று, 1925 ஜனவரி 22ஆந் திகதி பிரான்சின் கான் நகரில் காலமானார். கணவர் 1937இல் மறைந்தார். வூஸ்டர் நகர மயானத்தில் இருவரது சாம்பலும் ஒரே நினைவுக் கல்லின் கீழ் இருக்கின்றன. தாம் படிக்காத படிப்புக்காக அவர் எழுதிவைத்துப் போனது 125,000 டொலர்: ரட்கிளிஃப், வெல்ஸ்லி, ஸ்மித், பிரின் மோர் ஆகிய நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு.