பம்பர் பளபளப்புக்குப் பின்னாடி ஒரு விறகுக் கொட்டகை

பழைய கார் ரெஸ்டோரேஷன் வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. மங்கி, வெள்ளை பூத்துப்போன ஒரு அலுமினிய பம்பர். அதைக் கழட்டி, கழுவி, முதல்ல சொரசொரப்பான உப்புத்தாள், அப்புறம் நைஸ், அதைவிட நைஸ்னு தேய்ப்பாங்க. கடைசியில பாலிஷ் போட்டா துணி கறுப்பாகும், பம்பர்ல முகம் தெரியும். எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான்.

ஆனா அந்தப் பளபளப்பு நிரந்தரம் இல்ல. காத்து பட்ட உடனே அலுமினியம் ஆக்சிஜனோட சேர்ந்து, மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் போட்டுக்கும். உள்ளே இருக்கிற உலோகத்தைக் காப்பாத்துறதே அதுதான். மழையும் உப்பும் வருஷக்கணக்கா அரிக்கும்போதுதான் பம்பர் மங்குது. படிஞ்ச ஆக்சைடைத் தேய்ச்சு எடுத்துடலாம். ஆனா அந்த ஆக்சைடையே திரும்ப உலோகமா மாத்தணும்னா? இந்தக் கேள்விக்குப் பின்னாடியே போனவர் சார்லஸ் மார்ட்டின் ஹால்.

1863 டிசம்பர் 6ஆம் தேதி, அமெரிக்காவோட ஓஹியோ மாநிலத்துல பிறந்தார். ஓபர்லின் கல்லூரியில படிச்சார். அப்போ அலுமினியம் நம்ம டிபன் பாக்ஸ் உலோகம் இல்ல, கிட்டத்தட்ட வெள்ளி விலை. 1884ல வாஷிங்டன் நினைவுச் சின்னத்தோட உச்சியில ஒரு சின்ன அலுமினியப் பிரமிடு வெச்சாங்க, அவ்வளவு மதிப்பு. மலிவா எடுக்க வழி கண்டுபிடிச்சா பெரிய பணக்காரன் ஆகலாம்னு கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஜூவெட் வகுப்புல சொன்னாராம். ஹால் அதைப் பிடிச்சுக்கிட்டார்.

1885ல டிகிரி முடிச்சும் விடல. வீட்டை ஒட்டின விறகுக் கொட்டகைதான் லேப். பேட்டரி வரைக்கும் சொந்தமா செஞ்சார். அலுமினியம் ஆக்சைடு உருக 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல வேணும். ஹால் அதை உருக்கல, உருகின கிரையோலைட்ல கரைச்சார். இப்போ சுமார் 1000 டிகிரி போதும். கரண்ட் விட்டார். வந்தது அலுமினியம் இல்ல. களிமண் மூசையே கரைஞ்சு கலக்குதுன்னு புரிஞ்சுது. மூசைக்கு உள்ளே கார்பன் பூச்சு கொடுத்தார். 1886 பிப்ரவரி 23, சின்னச் சின்ன வெள்ளி நிற உருண்டைகள் கிடைச்சுது. வயசு 22.

அதே வருஷம், அதே வயசுல, பிரான்ஸ்ல பால் எரூ இதே முறையைத் தனியா கண்டுபிடிச்சிருந்தார். எரூ ஏப்ரல்ல பிரெஞ்சு பேட்டண்ட் போட்டார். ஹால் அமெரிக்காவுல போட்டது ஜூலையில. அப்போ தோத்திருக்கணுமே? 2013 வரைக்கும் அமெரிக்கச் சட்டப்படி முதல்ல யார் செஞ்சாங்கங்கிறதுதான் கணக்கா இருந்துச்சு. அந்த பிப்ரவரி தேதியை நிரூபிக்க உதவினவங்க அவரோட அக்கா ஜூலியா. அவங்களும் ஓபர்லின்ல கெமிஸ்ட்ரி படிச்சவங்க. சோதனைகளைக் கூட இருந்து பார்த்தாங்க. நடந்ததை வரிசையா எழுதி சாட்சி சொன்னாங்க. 1889ல பேட்டண்ட் ஹாலுக்கே கிடைச்சுது.

1888லயே பிட்ஸ்பர்க்ல கம்பெனி ஆரம்பிச்சாச்சு. பின்னாடி அல்கோவா ஆனது அதுதான். சில வருஷத்துல அலுமினியம் ஒரு பவுண்டு ஒரு டாலருக்குக் கீழ இறங்கிடுச்சு. பாத்திரம், கம்பி, விமானம், கடைசியில கார் பம்பர்னு எல்லாமே அங்கிருந்துதான் வந்தது. ஹால் கல்யாணம் பண்ணிக்கல. 1914 டிசம்பர் 27ஆம் தேதி இறந்தார். சொத்துல மூணுல ஒரு பங்கைப் படிச்ச கல்லூரிக்கே எழுதி வெச்சார். எரூவும் அதே வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். அந்த முறைக்கு இன்னைக்கும் பேரு ஹால்-எரூ. அதுல ஜூலியா பேரு இல்ல.

நம்ம ரெக்கார்ட் நோட்டை யோசிச்சுப் பாருங்க. சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதுறோம், நானும்தான். எங்க ப்ராஜெக்ட் டீம்ல ஒரு பொண்ணு மட்டும் ஒவ்வொரு ரீடிங்கையும் அன்னன்னிக்கே எழுதி வெச்சா. ரிவ்யூல அடுத்தடுத்து கேள்வி வந்தப்போ எங்களைக் காப்பாத்துனது அந்த நோட்டுதான். ரிப்போர்ட்ல அவ பேரு நாலாவதா இருந்துச்சு. ஹாலைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம் முதல் பேரா மாத்திட்டோம். உங்க டீம்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க, பைண்டிங் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.