தாமஸ் வேக்லி

வைத்திய ஞானம் சிலருடைய தனிச்சொத்தன்று என்று போராடியவர் தாமஸ் வேக்லி. 1795-ல் இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில் பிறந்து, லண்டனில் ரண வைத்தியம் கற்றார். 1823 அக்டோபர் 5-ந் தேதி 'லான்ஸெட்' பத்திரிகையை ஸ்தாபித்தார். பணம் கட்டிய மாணாக்கருக்கே கிட்டிவந்த ஆஸ்பத்திரிப் பிரசங்கங்களை, ஆசிரியர்களின் அனுமதியின்றியே அச்சிட்டு யாவருக்கும் அளித்தார். அபர்நெத்தி என்னும் ஆசிரியர் பெற்ற தடையுத்தரவும் நிலைக்கவில்லை.

ஒரு ரண வைத்தியரின் பிழையை வெளியிட்டதற்காக 1828-ல் அவதூறு வழக்கு எழுந்தது. வேக்லி தாமே வாதாடினார். 2000 பவுன் கேட்ட வாதிக்கு 100 பவுனே கிடைத்தது. வேக்லியின் செலவுக்கு அன்பர்கள் நிதி திரட்டினர். 1835-ல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 1846-ல் மரண விசாரணை அதிகாரியாக, சிப்பாய் ஒருவன் சவுக்கடியால் மாண்டதை அம்பலப்படுத்தினார்.

1862-ல் வேக்லி காலமானார். பத்திரிகையோ இன்றும் ஜீவித்திருக்கிறது. அதிகாரத்துக்கு அஞ்சாத பேனாவுக்குப் பொதுஜனங்களே அரண் என்பதற்கு அவர் சரித்திரமே சாட்சி.