டபிள்யூ. ஓ. பென்ட்லி

வால்ட்டர் ஓவன் பென்ட்லி (செப்டம்பர் 16, 1888 - ஆகஸ்டு 13, 1971) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஆவார். பென்ட்லி தானுந்து நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இயந்திரத்தின் திறனைக் கூட்டும் முயற்சியில் அதன் உழைக்கும் தன்மையை இழக்கக் கூடாது என்னும் கொள்கை உடையவர்.

தொடக்க காலம்

இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். டான்காஸ்டரில் தொடர்வண்டிப் பணிமனையில் தொழிற்பயிற்சி பெற்றார். 1912இல் தம் சகோதரருடன் இணைந்து டி.எப்.பி. என்னும் பிரெஞ்சுத் தானுந்துகளை விற்கத் தொடங்கினார். அவற்றில் அலுமினியக் கலப்புலோக பிஸ்டன்களைப் பொருத்தினார். இவை எடை குறைந்தவை. வெப்பத்தை விரைவாகக் கடத்துபவை. ஆதலால் இயந்திரம் மிகுந்த வேகத்தைத் தாங்கிற்று. முதல் உலகப் போரின்போது பி.ஆர்.1, பி.ஆர்.2 ஆகிய வானூர்தி இயந்திரங்களை வடிவமைத்தார். 1919இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார்.

சூப்பர்சார்ஜர் சிக்கல்

பந்தய ஓட்டுநர் ஹென்றி பர்கின், 4½ லிட்டர் பென்ட்லியில் சூப்பர்சார்ஜர் பொருத்த விரும்பினார். இக்கருவி காற்றையும் எரிபொருளையும் அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துவது. இதனால் சுமார் 110 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம், பந்தய வடிவில் ஏறத்தாழ 240 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அழுத்தமும் வெப்பமும் உயர்ந்து பிஸ்டன், வால்வு முதலிய உறுப்புகள் மிகையான சுமைக்கு உள்ளாயின. எரிபொருள் செலவும் கூடியது. பென்ட்லி இதனை எதிர்த்தார். இயந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்குவதே பாதுகாப்பான வழி என்று கருதினார். எனினும் நிறுவனத் தலைவர் வுல்ஃப் பர்னாட்டோ இசைவளித்தார். டொரத்தி பேஜட் என்பவர் பர்கினின் பந்தய அணிக்கு நிதியளித்தார்.

1930ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் போட்டியில் பர்கினின் தானுந்து மெர்சிடிஸ் வண்டியை விரட்டிச் சென்றது. மெர்சிடிஸ் விலகியது, ஆனால் சூப்பர்சார்ஜர் பொருத்திய பென்ட்லிகள் இரண்டும் பழுதடைந்து நின்றன. சூப்பர்சார்ஜர் இல்லாத 6½ லிட்டர் ஸ்பீடு சிக்ஸ் வண்டிகள் முதல் இரண்டு இடங்களைப் பெற்றன.

அதே வேளையில், குறுகிய ஓட்டத்தில் சூப்பர்சார்ஜர் பெரும்பயன் தந்தது. 1932இல் பர்கின் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் மணிக்கு சுமார் 222 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றை முடித்துச் சாதனை படைத்தார். சில நிமிடங்கள் தாங்கினால் போதுமா, ஒரு நாள் முழுதும் தாங்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே இத்தகைய மாற்றத்தின் பயனை மதிப்பிட இயலும்.

பிற்காலம்

1931இல் நிறுவனம் நிதி நெருக்கடியால் ரோல்ஸ் ராய்ஸ் வசம் சென்றது. 1935இல் பென்ட்லி லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையில் உருவான 12 சிலிண்டர் தானுந்துகள் சூப்பர்சார்ஜர் இன்றியே 1939 லெ மான் போட்டியில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன.